ஒன்பது நொடிக் குரல்

பிப்ரவரி 19, 2024, திங்கள்

நேநாரு குழுவின் இருபது வருடப் பாட்டு இன்று டிபன் டப்பா அளவுள்ள ஒரு பெட்டியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஏழு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் அடக்கம். கொரிய மொழியில் ‘நே’ என்றால் நான்கு, ‘நாரு’ என்றால் படகுத்துறை. நான்கு ஆண்கள், நான்கு குரல். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் இவர்களின் ஒரு பாட்டையாவது முணுமுணுப்பார்கள்.

இருபதாம் ஆண்டுக்கு ஒரு ஆல்பம். எட்டுப் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடுகிறார்கள், இரண்டு புதுப்பாட்டு. பதிவும் மிக்ஸிங்கும் நான். சியோலுக்கு வந்த பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த வேலைகளில் இதுதான் பெரியது.

தயாரிப்பாளர் ஹ்வாங் அம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். “‘குடை இல்லாத நாள்’ பாட்டோட முடிவு தெரியும்ல?”

தெரியாதவர் யார்? முன்னணிக் குரலான கியோங் கடைசியில் ஒரே மூச்சில் ஒன்பது நொடி ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நிற்பார். 2006இல் ஒரு டி.வி. தொடருக்காகப் பாடியது. ரசிகர்கள் அதை ‘ஒன்பது நொடி’ என்றே சொல்வார்கள்.

“மூணு வருஷம் முன்னாடி அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் மேல குரல் போகல. அந்த ஒன்பது நொடியை மட்டும் பழைய பதிவுலேர்ந்து எடுத்துப் புதுசுல ஒட்டணும். அவரே கேட்டதுதான். மத்த மூணு பேருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.”

சரி என்றேன். ஒட்டுவதும் வெட்டுவதும்தானே என் பிழைப்பு.

வரும் வழியில் வெங்காயத்தாள், முட்டை. புளி தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 20

ஹெட்போனின் இடது பக்கம் சரியில்லை. ஒயரை மாற்றினேன்.

பிப்ரவரி 22, வியாழன்

காலையிலிருந்து முதல் ஆல்பம், 2004. கையில் காசில்லாத நாலு இளைஞர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியது. பாட்டு தொடங்குமுன் யாரோ தும்முகிறார்கள், இன்னொருவர் சிரிக்கிறார். ஆல்பம் விற்கவில்லை. இரண்டாவதில்தான் அந்தத் தொடர்ப் பாட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றியது. பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் ராணுவ சேவைக்குப் போக, நான்கு வருடம் குழுவே இல்லை. 2013இல் திரும்பி வந்தார்கள். 2016இல் வாத்தியமே இல்லாமல் ஒரு ஆல்பம். அதை யாரும் வாங்கவில்லை. எனக்கு அதுதான் உயிர்.

கேட்கக் கேட்க ஒவ்வொருவரும் தனியே தெரிய ஆரம்பிக்கிறார்கள். கீழே தரை மாதிரி தூஹான். அதற்கு மேல் சொங்மின், அலட்டாத குரல். உச்சியில் கியோங். இவர்களுக்கு நடுவே, கியோங்குக்கு ஒரு படி கீழே, ஜேரின். அவர் இருக்கிறார் என்று சொன்னால்தான் தெரியும். ஆனால் அவருடைய ட்ராக்கை அணைத்தால் பாட்டே வற்றிப்போகிறது.

பிப்ரவரி 26, திங்கள்

நால்வரும் வந்தார்கள். எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. கியோங் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஒத்திகையில் ஜேரின் என்னிடம் ஏதோ கேட்டாராம். நான் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்யும் பொராம் என் தோளைத் தொட்டு, “கிசாநிம், உங்களைத்தான் கூப்பிடுறாரு” என்றாள். ஒலிப்பதிவாளரை இங்கே மரியாதையாக அழைக்கும் சொல் அது. வேலையில் மூழ்கினால் எனக்கு இப்படித்தான்.

நாற்காலியை அறையின் இடது மூலைக்கு நகர்த்திக்கொண்டேன். அங்கிருந்தால் எல்லாரும் என் வலப்பக்கம் இருப்பார்கள். வெளிச்சமும் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 28

புது ஹெட்போன் வாங்கினேன். இதிலும் இடது பக்கம் மெலிந்துதான் ஒலிக்கிறது. முன்பெல்லாம் எவ்வளவு நன்றாகச் செய்வார்கள்.

மார்ச் 2, சனி

தூத்துக்குடியிலிருந்து தம்பி சில்வஸ்டர் பேசினான். போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியதில் பாதி விட்டுப்போனது.

“ஏக்கா, நான் சொல்லுதது கேக்கா? மூணு மட்டம் சொல்லிட்டேன்.”

“லைன் சரியில்லடே.”

“லைன் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அம்மைக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது. ஒரு மட்டம் போயி காதைக் காட்டிட்டு வந்தா என்ன?”

அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. எனக்கு நாற்பத்திரண்டு. இதை அவனிடம் சொல்லவில்லை. துணி துவைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். துவைத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

2006இன் பதிவைத் திறந்தேன். நால்வருக்கும் தனித்தனி ட்ராக்.

இப்போதெல்லாம் நான் காதை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. திரையில் குரலைக் கோடாக வரைந்து பார்ப்பது துல்லியம். யாராக இருந்தாலும் ஒரு ஸ்வரத்தை நீட்டும்போது குரல் மெல்ல மேலும் கீழும் அசையும். அந்த அசைவு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி, கையெழுத்தைப் போல. கியோங்கின் கோடு ஸ்வரத்தைத் தொட்ட உடனேயே அசையத் தொடங்கும். நொடிக்கு ஆறு அலை, எல்லாம் ஒரே உயரம்.

ஒன்பது நொடியின் கோடு அப்படி இல்லை. முதலில் இம்மியளவு தாழ்ந்து ஏறுகிறது. ஒரு நொடிக்கு மேல் அசையாமல் நிற்கிறது. பிறகுதான் அலை, நொடிக்கு ஐந்து.

காதுக்குக் கியோங்தான். கண்ணுக்கு வேறு யாரோ.

ஏழு ஆல்பங்களிலிருந்தும் முப்பது இடங்களை எடுத்து வரைந்து பார்த்தேன். தாழ்ந்து ஏறி, நின்று, பிறகு அசையும் கோடு ஒருவருடையதுதான். அந்த ஒன்பது நொடியில் ஜேரினின் சொந்த ட்ராக் காலியாக இருக்கிறது.

மார்ச் 6

மறுபடி பார்த்தேன். ஜேரின்தான்.

மார்ச் 8, வெள்ளி

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மதியம் ஜேரினை ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கும் நூடுல்ஸ் கடைக்கு அழைத்தேன். கூட்டம், பாத்திரச் சத்தம். காலியாக இருந்தது சுவரோர மேசை ஒன்றுதான். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

அந்தக் குரலின் கோட்டைக் காகிதத்தில் அச்செடுத்துப் போயிருந்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“பதினெட்டு வருஷமா யாருக்கும் கேக்காதது உங்களுக்குக் கேட்டிருச்சே” என்றார். நான் திருத்தவில்லை.

கியோங் முதல் நாள் பாடிவிட்டுப் போனார். அன்றே காய்ச்சல், ஆஸ்பத்திரி. அவர் பாடியதில் அந்த முடிவு மட்டும் உடைந்திருந்தது. தொடர் ஒளிபரப்புக்கு மூன்று நாள் பாக்கி. அப்போதைய தயாரிப்பாளர், இப்போது உயிரோடு இல்லை, ஜேரினைக் கூப்பிட்டு “கியோங் மாதிரி ஒரு தடவை பாடிக் காட்டு” என்றாராம்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் கியோங் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினாங்க. ‘முதல் நாள் நீ பாடினதுதான், கொஞ்சம் சரி பண்ணோம்’னு சொல்லிட்டாங்க. ‘இது நானா? இவ்ளோ நல்லாவா பாடியிருக்கேன்?’னு குதிச்சாரு. நானும் சேர்ந்து கை தட்டினேன், கிசாநிம்.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“முதல் வருஷம் பயம். பாட்டு ஓடிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் பழகிப்போச்சு.” சாப்பாட்டைத் தொடவே இல்லை. “பழகாதது ஒண்ணுதான். ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும் வேன்ல ஏறி, ‘ஆல்பத்துல வந்த மாதிரி வரலைடா’ம்பாரு. விடியற்காலையில எழுந்து சாதகம் பண்ணுவாரு. தொண்டைக்கு ஊசி போட்டுக்குவாரு. பதினஞ்சு வருஷம் அவர் துரத்தினது என் குரலை. நான் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருப்பேன்.”

அப்போது பக்கத்து மேசையில் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஜேரின் தலையைக் குனிந்துகொண்டு மேலும் ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்தால் கெஞ்சுவது போல் இருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டிருப்பார். வேறென்ன கேட்பார்? தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, கண் கலங்கி நன்றி சொன்னார்.

மார்ச் 12, செவ்வாய்

ஒட்டி முடித்தேன். தையல் தெரியவில்லை.

மாலையில் கியோங் தனியாக வந்து கேட்க விரும்பினார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இருபத்தாறு வயசுல என்னா குரல் எனக்கு” என்றார். “இதை மறுபடி ஒரு தடவையாவது பிடிச்சிரணும்னு பார்த்தேன். முடியவே இல்லை. எங்கே கெடுத்தேன்னே தெரியல.”

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

அவர் போன பிறகு பொராம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நாலாவது பாட்டுல இடது பக்கம் ஒரு கீச்சுச் சத்தம் முழுக்க ஓடுது, கிசாநிம். வேணும்னே விட்டிருக்கீங்களா?”

வேண்டுமென்றேதான் என்றேன். அவள் போன பிறகு திரையில் தேடிப் பார்த்து எடுத்தேன். இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹ்வாங் அம்மா எல்லாரையும் வரவழைத்து ‘குடை இல்லாத நாள்’ பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஒட்டியதை இன்று சொல்லிவிடலாம் என்று கியோங்கே சம்மதித்திருந்தார். பாட்டு முடிந்தது. தூஹானும் சொங்மினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கியோங் சிரித்தபடி, “ஆமாப்பா, பழசுதான். எனக்காகப் பொறுத்துக்குங்க” என்றார்.

ஜேரின் எழுந்து போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க இதை இப்படிப் பெரிய மனசா எடுத்துக்குவீங்கன்னு நினைக்கவே இல்லை. ஒரு வாரமா உங்க முகத்தைப் பார்க்கவே பயந்துட்டிருந்தேன்.”

“எதை எடுத்துக்கிட்டேன்?”

“அதான்… அது நான் பாடினதுன்னு…”

ஜேரின் என் பக்கம் திரும்பினார். “கிசாநிம் சொல்லலியா? என் வாயால சொல்ல முடியாது, நீங்க அண்ணன்கிட்ட சொல்றீங்களான்னு கேட்டேனே. சரின்னு தலையாட்டினீங்களே!”

கியோங் என்னைப் பார்த்தார். ஜேரினைப் பார்த்தார். “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். ஒன்பது நொடி முடியுமுன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

நான் தலையாட்டியது உண்மை. அவர் கேட்டது என்னவென்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்பதில்லை.

மார்ச் 16

அலமாரியைத் துடைத்தேன். அரிசி டப்பாவையும்.

மார்ச் 18, திங்கள்

காது ஆஸ்பத்திரி. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு மாறியதும், கருவி கெட்டுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நெடுநேரம் அமைதி. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

இடது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலதில் ஆரம்பம். நடுக்காதின் எலும்பு இறுகுகிறது, குடும்பத்தில் வருவது என்றார் டாக்டர். இப்போதைக்குக் காதுக்கருவி, பிறகு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். “எவ்வளவு நாளாத் தெரியும்?” என்று கேட்டார்.

இரண்டு வருடம் என்றேன். சொன்ன பிறகுதான் அது இரண்டு வருடம் என்று எனக்கே தெரிந்தது.

மார்ச் 19, செவ்வாய்

கியோங் இல்சானில் ஒரு பாட்டுப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார். ரயிலில் போனேன். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

“எனக்கு இடது காது கேக்காது” என்றேன். கொரிய மொழியில் இந்த வாக்கியத்தை நான் இதுவரை சொன்னதில்லை. தமிழிலும் சொன்னதில்லை. “அன்னைக்கு நூடுல்ஸ் கடையில ஜேரின் கேட்டது எனக்கு விளங்கல. விளங்காமலே தலையாட்டிட்டேன். வேலை போயிரும்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். உங்களுக்குத் தெரிய வேண்டிய விதத்துல தெரியாமப் போனது என்னாலதான்.”

அவர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கி என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த ஸ்வரம் போனா போகட்டும்” என்றார். “பதினஞ்சு வருஷம், கிசாநிம். பழைய நான் ஒருத்தன் இருந்தான், அவனை நான் தொலைச்சிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன். அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை. இதுக்கு யார்மேல கோபப்படுறதுன்னு தெரியல. ஜேரின்மேலதான் படுறேன். அவன்தானே உயிரோட இருக்கான்.”

கோடுகளைக் காட்டச் சொன்னார். மடிக்கணினியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஒரு பாடகருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே, “ஆமா, அவன்தான். தொட்டுட்டு நிப்பான்” என்றார்.

பிறகு கேட்டார்: “அன்னைக்கு, காய்ச்சலுக்கு முன்னாடி, நான் பாடினது இருக்கா?”

இருந்தது. அணைத்து வைக்கப்பட்ட ஒரு ட்ராக்கில், அழிக்காமல். போட்டேன். ஆறு நொடி. நான்காவது நொடியில் குரல் ஒரு கீறல் விழுந்து, சமாளித்து, மூச்சில் போய் முடிகிறது.

மூன்று தடவை கேட்டார்.

“இது மோசமில்லையே” என்றார். “இதை அப்பவே கேட்டிருந்தா இது போதும்னு இருந்திருப்பேன்.”

வெளியே அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எழுந்துகொண்டோம்.

மார்ச் 21

ஹ்வாங் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “முதல் நாளே சொல்லியிருக்கணும்” என்றார். உண்மை. பதிவு நான், மிக்ஸிங் இனி பொராம் என்று முடிவானது. அவளிடம் போய்க் கீச்சுச் சத்தம் வேண்டுமென்றே விட்டதல்ல என்றேன். “தெரியும்” என்றாள்.

சில்வஸ்டருக்குப் போன் செய்தேன். அவன் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

நால்வரும் வந்தார்கள். கியோங் வருவாரா என்று கடைசி நிமிடம்வரை யாருக்கும் தெரியாது. வந்தார். ஜேரினுக்கு வணக்கம் சொல்லவில்லை.

“பழசை எடுத்துருங்க” என்றார் என்னிடம். “பாட்டை மூணு படி இறக்குவோம். முடிவை அவன் பாடட்டும். ஆல்பத்துல அவன் பேரைப் போட்டுப் பாடட்டும்.”

“என்னால முடியாதுண்ணே.”

“அன்னைக்கு முடிஞ்சதுல்ல?”

தூஹான் தொண்டையைச் செருமினார். “ரெண்டு மணிக்கு எனக்குப் பல் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்கினதுக்கப்புறம் என்னை நம்பாதீங்க. சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா.”

சொங்மின் சிரித்துவிட்டார். கியோங் சிரிக்கவில்லை, ஆனால் மைக்கிடம் போனார்.

ஜேரின் முடிவைப் பாடினால் அவருடைய கீழ் வரியைப் பாட ஆள் வேண்டுமே? கியோங்தான் பாட வேண்டும். அந்த வரி அவருக்குத் தெரியாது. இருபது வருடம் தனக்கு ஒரு படி கீழே ஓடிய வரி, அதை அவர் தனியாகக் கேட்டதே இல்லை.

“என்ன அது, பாடு” என்றார், ஜேரினைப் பார்க்காமல்.

ஜேரின் மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். கியோங் திருப்பிப் பாடினார், தவறியது. நேரே போகும் என்று நினைத்த இடத்தில் அந்த வரி உள்ளே வளைந்து, மேலே இருக்கும் குரலுக்கு இடம் விட்டு, மறுபடி வந்து தாங்குகிறது. இரண்டாம் தடவையும் தவறியது. மூன்றாம் தடவை நிறுத்திவிட்டு, முதன்முதலாக ஜேரினை நேராகப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா எனக்குக் கீழ நீ இதையா பாடிட்டிருந்தே?”

“ஆமாண்ணே.”

“கஷ்டமா இருக்கே.”

“கொஞ்சம்.”

“மறுபடி பாடு.”

பதினோராவது டேக்கில் வந்தது. ஜேரினின் முடிவு ஏழு நொடிதான். வயது நாற்பத்து மூன்று அல்லவா? கியோங்கின் கீழ்வரி கரகரவென்று இருந்தது. ஆபரேஷனுக்குப் பின் வந்த குரல் அது. மேலே அது எடுபடாது. கீழே அது கம்பளி மாதிரி சுற்றிக்கொண்டது. நான் திரையை அணைத்துவிட்டு வலது காதைத் திருப்பிக் கேட்டேன்.

தூஹான் பல் டாக்டரிடம் போகவில்லை.

மே 11, சனி

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. காதுக்கருவி பழக இத்தனை நாள். குளிர்சாதனப் பெட்டி இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது.

ஆல்பம் வெளிவந்தது. வானொலியில் கியோங்கே எல்லாவற்றையும் சொன்னார், பத்தே வாக்கியத்தில். ரசிகர்களில் பாதிப் பேர் ஏமாந்துவிட்டதாகக் கொதித்தார்கள். ஜேரினுக்கு வந்த வசவைப் படிக்க முடியவில்லை. பழைய ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. புது ஆல்பம் சுமாராகத்தான் போகிறது. பொராமின் மிக்ஸிங் நன்றாக இருக்கிறது. நான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் ஒத்துக்கொள்ள முடிந்தது.

இன்று மதியம் சின்ன அரங்கில் கச்சேரி. முன்னூறு பேர். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கருவிகளுக்கு முன்னால் இல்லாமல், சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ‘குடை இல்லாத நாள்’ முடிவு வந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜேரின் ஆறு நொடிதான் நின்றார். கைதட்டல் வர ஒரு கணம் தாமதமானது. பிறகு வந்தது.

முடிந்ததும் பின்னறைக்குப் போனேன். கியோங்கும் ஜேரினும் ஒன்றாகச் சாப்பிடுவதில்லை, பேச்சும் வேலை அளவோடுதான் என்று ஹ்வாங் அம்மா சொல்லியிருந்தார். வாசலிலேயே குரல் கேட்டது. இரண்டு காதிலும்.

“அஞ்சாவது நொடியில ஏன் மூச்சை விட்டே? நான் கீழ தாங்கிட்டு நிக்கிறேன், நீ பாட்டுக்குப் போயிட்டே!”

“நீங்க சத்தமா பாடினீங்கண்ணே. கீழ்வரியை அப்படியா பாடுவாங்க?”

“எனக்குச் சொல்லித்தர்றியா?”

“பின்னே? உங்களுக்குத்தான் தெரியலையே!”

தூஹான் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகலாமா என்று தயங்குவதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

“உட்காருங்க, கிசாநிம். சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. இப்போதைக்கு முடியாது.”

உட்கார்ந்தேன்.